ஆட்டுக்கல்லைக் காட்டுங்கள்: ‘குண்டம்மா கதை’யை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய தெலுங்குப் படங்களின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும், அவற்றை டிவியிலும் யூடியூபிலும் போடுகிறவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சேனலில் ‘குண்டம்மா கதை’ ஓடியது. எந்தச் சேனல் என்பது வேண்டாம், இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்தான். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, எழுதப் படிக்கத் தமிழ். அம்மாவுக்கு இந்தப் படம் ஏறக்குறைய மனப்பாடம். சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்தவர் பத்தே நிமிடத்தில், “என்னடா இது, எல்லாருக்கும் உச்சந்தலையைக் காணோம்” என்றார்.

காரணம் உங்களுக்கே தெரியும். 1962இல் வந்த படம், ஏறக்குறைய சதுரமான சட்டத்துக்குள் எடுத்தது. இன்றைய டிவி அகலம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் பார்க்கிறவன் சேனலை மாற்றிவிடுவான் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போல, அதனால் மேலேயும் கீழேயும் வெட்டி, மீதியை அகலத்துக்குப் பெரிதாக்கிவிடுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், படத்தின் உயரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடுகிறது.

கால்வாசிதானே என்பீர்கள். சரி, அந்தக் கால்வாசியில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையான என்.டி.ஆர், வேலைக்காரன் அஞ்சியாகக் குண்டம்மா வீட்டுக்குள் நுழைகிறார். அரை டிராயரோடு உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டே, பெண்குலம் விழித்தெழுந்துவிட்டது என்று பாடுகிறார். அஞ்சு வருஷத்துக்கு முன்னால்தான் இந்த மனிதர் ‘மாயாபஜார்’ கிருஷ்ணராக வந்திருந்தார். ஜனங்கள் அவர் முகத்தைச் சாமியாகவே பார்த்த காலம். அந்தச் சாமி குழவியைப் பிடித்துச் சுற்றுவதுதான் அந்தக் காட்சியின் மொத்தச் சிரிப்பும். பெண்கள் எழுந்துவிட்டார்கள் என்று பாடுகிற பாட்டில் மாவாட்டுவது ஆண்! உங்கள் வெட்டில் ஆட்டுக்கல் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. என்.டி.ஆர் எதையோ பிடித்துக்கொண்டு இடமும் வலமும் ஆடுகிறார், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த என் மகள், “தாத்தா பஸ் ஓட்டுகிறாரா?” என்று கேட்டாள்.

டைட்டில் கதை இதைவிட மோசம். என்.டி.ஆருக்கு இது நூறாவது படம், இன்னொரு நாயகன் ஏ.என்.ஆருக்கு, அதாவது அக்கினேனி நாகேஸ்வர ராவுக்கு, தொண்ணூற்றொன்பதாவது. யார் பெயரை முதலில் போடுவது என்ற வம்பே வேண்டாம் என்று நடிகர்களின் பெயருக்குப் பதிலாகப் புகைப்படங்களைக் காட்டினார்கள் என்பார்கள். அந்த முகங்களில் ஒன்றின் நெற்றியில் உங்கள் சேனல் முத்திரை உட்கார்ந்திருந்தது!

ஒளிப்பதிவு செய்தவர் மார்கஸ் பார்ட்லி. பின்னால் மலையாள ‘செம்மீ’னுக்கும் ஒளிப்பதிவு செய்த அதே பார்ட்லி. ஓர் ஆளின் தலைக்கு மேலே எவ்வளவு இடம் விடுவது, சாவித்திரி முகத்தில் பாதியை எங்கே நிழலில் வைப்பது என்று யோசித்து விளக்கு வைத்தவர். அதை வெட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அவரை நினைத்துப் பார்த்திருக்கலாம். அப்புறம், கலர் அடிக்கிற யோசனை இருந்தால் தயவுசெய்து வேண்டாம். 2010இல் ‘மாயாபஜா’ரைக் கலராக்கி வெளியிட்டார்கள், பலர் ரசித்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அது கடோத்கஜனும் மாயமுமாக இருக்கிற புராணம், தாங்கியது. இது ஒரு வீட்டுக் கூடத்துக் கதை. மூத்தாள் மகள் அடுப்படியில் கிடக்க, பெற்ற மகள் கண்ணாடி முன்னால் நிற்கிற வீடு. இதற்குக் கறுப்பு வெள்ளையே போதும்.

படத்துக்குக் கதாநாயகர்களின் பெயரை வைக்காமல் குண்டம்மாவின் பெயரை வைத்தார்களே, அதையும் யோசித்துப் பாருங்கள். இரண்டு உச்ச நட்சத்திரங்கள், சாவித்திரி, ஜமுனா, எஸ்.வி. ரங்காராவ் எல்லாரும் இருக்க, தலைப்பு குண்டம்மாவாக நடித்த சூர்யகாந்தத்துக்கு! தெலுங்கில் ‘கய்யாளி’ என்று ஒரு சொல் உண்டு. உங்கள் ஆங்கில சப்டைட்டிலில் அதற்குக் ‘கெட்ட பெண்’ என்கிற மாதிரி என்னவோ வந்தது. தமிழில் ‘பஜாரி’ என்றால் ஒரே நொடியில் புரிந்துவிடும். தெலுங்கு தெரியாத என் மனைவிக்குப் படம் முழுக்க நான்தான் சப்டைட்டில். வதின என்றால் அண்ணி, மரதலு என்றால் கொழுந்தியா என்று சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. தமிழ் சப்டைட்டில் போட்டால் என்ன குறைந்துவிடும்? பக்கத்து வீட்டு மொழி ஐயா.

பக்கத்து வீடு என்பதுகூடத் தப்பு, ஒரே வீடு. தயாரிப்பாளர்கள் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் இதை உருவாக்கியது சென்னை வடபழனியில், விஜயா வாகினி ஸ்டுடியோவில். அந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரியும் மாலும் நிற்கின்றன. கதையோ கன்னடத்தில் விட்டலாச்சார்யா எடுத்த படத்திலிருந்து வந்தது. பிறகு அதையே அவர்கள் தமிழில் ‘மனிதன் மாறவில்லை’ என்று எடுத்தார்கள். என்.டி.ஆர் இடத்தில் ஜெமினி கணேசன், ஏ.என்.ஆர் இடத்தில் ஏ.என்.ஆரே, அவருக்கு அது நூறாவது படம். சாவித்திரியும் ஜமுனாவும் அதே வேடங்களில். சூர்யகாந்தம் இடத்தில் மட்டும் சுந்தரிபாய். சுந்தரிபாய் லேசுப்பட்டவர் இல்லை, ஆனாலும் குண்டம்மா என்றால் எனக்குச் சூர்யகாந்தத்தின் குரல்தான் கேட்கிறது. வீட்டையே மிரட்டியவள், மருமகளின் உறவுக்காரி துர்க்கம்மாவிடம் மாட்டிக்கொண்டு ஒடுங்குகிற இடத்தில் அவர் மேல் பரிதாபம் வந்துவிடுகிறது பாருங்கள், அது எல்லாராலும் ஆகாது.

இந்த இரண்டையும் நல்ல பிரதியாகச் சேர்த்தே வெளியிடுங்களேன். காசு கொடுத்துப் பார்க்க ஆள் இருக்கிறோம். பக்கத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும், டிவி கெட்டுப்போய்விட்டது என்று யாரும் போன் செய்ய மாட்டோம்.

அம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. அடுத்த தடவை நீங்கள் இந்தப் படத்தைப் போடும்போது ஆட்டுக்கல் முழுசாகத் தெரியுமா என்று கேட்டு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மாவோடு உட்கார்ந்து படம் பார்க்கும் ஒரு மகன்