கரையோர ரயில் பாதையில் தமிழிலும் அறிவிக்கக் கோரும் மனு

கொழும்பு 06.

செயலாளர் அவர்கள்,
போக்குவரத்து அமைச்சு.

மதிப்புக்குரிய ஐயா,

கரையோரப் பாதையின் நிலையங்களில் ரயில் மாற்றங்களைத் தமிழிலும் அறிவித்தல்

நான் வெள்ளவத்தைவாசி. பதினொரு வருடமாகப் பருவச்சீட்டு எடுத்துக் கொழும்புக் கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சிங்களம் எனக்கு ஓரளவு பழகிவிட்டது. அதனால் இந்த மனு எனக்காக அல்ல, என் அம்மாவைப் போன்றவர்களுக்காக.

அம்மாவுக்கு 68 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். ஒரு நாள் மாலை வைத்தியரிடம் காட்டிவிட்டுத் தனியாக வீடு திரும்பினார். கொழும்பில் ஒரு நிலையத்தில் வண்டிக்காக நின்றபோது ஒலிபெருக்கியில் சிங்களத்தில் ஏதோ அறிவித்தார்கள். ‘வெள்ளவத்த’ என்ற பெயர் மட்டும்தான் அம்மாவுக்குப் பிடிபட்டது. சரி, நம்முடைய வண்டிதான் என்று ஏறிவிட்டார். அந்த வண்டி வெள்ளவத்தையில் நிற்காது என்பதுதான் அறிவிப்பு. யன்னலுக்கு வெளியே தன் ஊர் ஓடி மறைவதைப் பார்த்துக்கொண்டே பாணந்துறை வரை போயிருக்கிறார். அங்கே ஒரு சிங்கள மாணவி அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்து, தன் கைத்தொலைபேசியில் எனக்கு அழைத்துச் சொன்னாள். நான் போய்ச் சேரும் வரை அந்தப் பிள்ளை அம்மாவை விட்டுப் போகவில்லை.

அறிவித்த உத்தியோகத்தர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தனக்குத் தெரிந்த மொழியில் சரியாகத்தான் சொன்னார். இன்னொரு மொழியில் அதையே சொல்ல அவருக்கு ஒரு வழி இருந்திருந்தால், அம்மா அடுத்த வண்டிக்குக் காத்திருந்திருப்பார்.

வழக்கமான நேர அட்டவணை பயணிகளுக்குப் பெரிய சிக்கல் இல்லை. நாளடைவில் மனப்பாடமாகிவிடும். நிலையங்களின் பெயர்ப்பலகைகளும் மூன்று மொழியில் இருக்கின்றன. திடீரென வரும் மாற்றம்தான் தடுமாற வைக்கிறது. இந்தப் பாதையில் அது தவிர்க்க முடியாதது என்பதும் எனக்குத் தெரியும். 1895இல் மாத்தறையை எட்டி, 2019இல் பெலியத்த வரை நீண்ட பாதை இது. தெற்கே பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். அங்கே ஒரு வண்டி பிந்தினால் எதிரே வருவது ஒதுங்கி நிற்க வேண்டும், அந்தத் தாமதம் கொழும்பு வரை தொடர்ந்து வரும். அப்புறம் மேடை மாறும், சில நிலையங்களில் நிற்காமல் போகும். அந்த நேரத்தில் பயணியின் கையில் இருப்பது ஒலிபெருக்கியின் சொல் ஒன்றுதான்.

தமிழ் கேட்பது வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் மட்டும்தான் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். பேருவளை, அளுத்கம, காலி, வெலிகம வரை தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் இதே பாதையில்தான் பயணிக்கின்றன. கடைகளில் வேலை செய்ய மலையகத்திலிருந்து வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். காங்கேசன்துறை வண்டியில் வந்து கோட்டையில் இறங்கி, முதல் தடவையாகக் கரையோர வண்டிக்கு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரையில் தமிழையும் அரசகரும மொழியாக்கியிருக்கிறது. ஆகவே புதிய சலுகை எதையும் நான் கேட்கவில்லை.

எல்லா நிலையங்களிலும் தமிழ் தெரிந்தவர்களை உடனே நியமிப்பது கடினம் என்று தாங்கள் சொல்லக்கூடும். அது வரை காத்திருக்கத் தேவையில்லை, ஐயா. ‘இந்த வண்டி வெள்ளவத்தையில் நிற்காது’, ‘வண்டி பிந்தி வரும்’, ‘இரண்டாம் மேடைக்கு வாருங்கள்’, ‘இந்த வண்டி இன்று ஓடாது’ என்பது போன்ற பத்துப் பன்னிரண்டு தமிழ் வாக்கியங்களைச் சிங்கள எழுத்தில் பெரிதாக அச்சிட்டு ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும். நிலையத்தின் பெயரையும் மேடை இலக்கத்தையும் மட்டும் மாற்றி வாசிக்கலாம். ழகரம் பிசகினாலும் எங்களுக்கு விளங்கும். வழமையாக ஓடும் வண்டிகளுக்கு, நிற்கும் நிலையங்களை மும்மொழியிலும் ஒரு முறை ஒலிப்பதிவு செய்து வைத்தால் அந்த வேலையும் முடிந்தது.

அந்த அட்டையில் இன்னொரு வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும்: ‘கடல் ஆபத்து, உடனே நிலையத்தை விட்டு மேட்டுப் பக்கம் போங்கள்.’ எங்கள் பக்கத்தில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் அலையைத் தடுக்கும் கற்கள் மட்டும்தான். 2004 டிசம்பர் 26 அன்று இதே பாதையில், பெரலியவில், ஒரு ரயிலையே ஆழிப்பேரலை தூக்கி எறிந்ததில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். இன்னொரு முறை கடல் எழும்போது எச்சரிக்கை நேரத்தோடு வந்தாலும், அது புரியாத மொழியில் வந்தால் என் அம்மா அந்த மேடையிலேயே நின்றுகொண்டிருப்பார்.

முதலில் மருதானைக்கும் பாணந்துறைக்கும் இடைப்பட்ட நிலையங்களில் இதைத் தொடங்கி வைக்குமாறு தாழ்மையாகக் கேட்கிறேன். வாக்கியங்களைத் தமிழில் எழுதி, சிங்கள எழுத்திலும் பெயர்த்துத் தர எங்கள் ஒழுங்கையில் மூன்று ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தாங்கள் ஒரு நாள் குறித்தால் நேரில் வந்து ஒப்படைப்போம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வெள்ளவத்தைப் பருவச்சீட்டுப் பயணி