கியோனியில் நங்கூரம்

அன்புள்ள சேவியருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. இனி ஜெபப் புத்தகத்தைத் தானே படித்துக்கொள்வார்கள். சின்னவள் மீன்வளக் கல்லூரியில் சேர்ந்ததை வாசித்ததும் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அப்பா தோணியில் கொழும்பு போனார், மகன் சரக்குக் கப்பலில் உலகம் சுற்றினான், பேத்தி கடலையே படிக்கப் போகிறாள். இதைவிட என்ன வேண்டும்?

நீ கேட்டதற்கு வருகிறேன். நம்ம கடற்கரைக் கிராமங்களுக்கு யாட், அதாவது உல்லாசப் படகு, வைத்திருப்பவர்கள் வந்து நங்கூரம் போட ஆரம்பித்தால் அது நல்லதா என்று கேட்டிருந்தாய். இந்தக் கோடையில், கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கிரேக்கத்தில் பாய்மரப் படகு வாடகைக்கு எடுத்தபோது நானும் போயிருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

இதாக்கா தெரியுமல்லவா, கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியூசின் தீவு. அதன் வடகிழக்கில் கியோனி என்று ஒரு கிராமம். விரிகுடாவின் வாயில், ஒரு முனையில், மூன்று பழைய காற்றாலைகள் இடிந்து நிற்கின்றன. உள்ளே மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், கீழே ஒரு சின்ன படகுத்துறை, நான்கைந்து உணவுக்கடைகள். 1953 ஆகஸ்டில் வந்த நிலநடுக்கம் அந்தப் பக்கத்துத் தீவுகளைப் புரட்டிப் போட்டது. கியோனியில் பழைய வீடுகள் சில தப்பின. ஆட்கள்தான் நிற்கவில்லை. அதற்கு முன்பிருந்தே ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள், அதன் பிறகு இன்னும் அதிகமாகப் போனார்கள். இன்று கோடையில் வரும் படகுகள்தான் ஊருக்குப் பெரிய வருமானம்.

நீ பெரிய கப்பலில் ஷேக்கிள் கணக்கில் சங்கிலி விட்டவன். ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர். எங்கள் 12 மீட்டர் படகின் மொத்தச் சங்கிலியே உன் கணக்கில் இரண்டு ஷேக்கிள்தான் தேறும். ஆனால் சூத்திரம் ஒன்றுதான். நங்கூரத்தின் எடையை மட்டும் நம்பிப் படகு நிற்பதில்லை. கடலடியில் படிந்து கிடக்கும் சங்கிலி இழுப்பைக் கிடைமட்டமாக வைத்திருக்கும் வரைதான் நங்கூரத்தின் நுனி மண்ணுக்குள் இறங்கும். சங்கிலி குட்டையாக இருந்தால் காற்று தள்ளும்போது இழுப்பு மேல்நோக்கி வந்து நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். அதனால் ஆழத்தைப் போல் நான்கைந்து மடங்கு விட வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் 40 மீட்டர் விட்டால் காற்று திரும்பும்போதெல்லாம் படகு சுழல 100 மீட்டர் அகல வட்டம் வேண்டும். கியோனி மாதிரி ஒடுங்கிய இடத்தில் நாலு படகு அப்படிச் சுழன்றால் அவ்வளவுதான், விரிகுடாவே நிறைந்துவிடும்.

அதற்கு அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆழத்தில் நங்கூரத்தை இறக்கிவிட்டுப் படகைப் பின்புறமாகக் கரையை நோக்கி ஓட்டுகிறார்கள். ஒருவர் மிதக்கும் கயிற்றோடு நீந்திப் போய்ப் பாறையில் சுற்றிக் கட்டுகிறார். அடிமண் கரையை நோக்கி மேடேறுவதால் நங்கூரம் மேட்டில் இழுபட்டு நன்றாகப் புதைகிறது. சுழலும் வட்டமே கிடையாது என்பதால் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது, முக்கியமாக அது அடுத்தவனுக்கு இடம் விடுவதால். கயிற்றை மட்டும் பாறையில்தான் கட்ட வேண்டும். சிலர் ஆலிவ் மரத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள், இரவெல்லாம் கயிறு உராய்ந்து பட்டை உரிந்துவிடுகிறது. துருக்கியில் கோசெக் பக்கத்து விரிகுடாக்களில் இதற்கென்றே கரையில் இரும்புக் குற்றிகள் பதித்திருக்கிறார்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உனக்குக் கடிதம் எழுதியதாகவே ஆகாது. காலையில் கடல் அசையாது. மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து, நம்ம கணக்கில் வாடைக்கும் கச்சானுக்கும் நடுவே, மாயிஸ்த்ரோ என்ற காற்று எழும். பொழுது சாய்ந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். கியோனி மலைக்கு மறைவில் இருக்கிறது, ஆனால் அந்தக் காற்று மலையேறி வந்து இந்தப் பக்கம் திடீர் திடீரென்று இறங்கி அடிக்கிறது. நண்பர் எஞ்சினைப் பின்னோக்கி முடுக்கி நங்கூரம் பிடித்துவிட்டதா என்று பார்க்கும்போது, அணியத்தில், படகின் முன்முனையில், நின்று சங்கிலியில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். நங்கூரம் இழுபட்டால் சங்கிலி அதிரும், அது கையில் தெரிந்துவிடும். அப்புறம் கரையில் ஒரு காற்றாலையையும் அதன் பின்னால் ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் பார்த்து வைத்துக்கொண்டோம். கோடு விலகினால் படகு நகர்கிறது என்று அர்த்தம். உன் அப்பா கோபுரத்தையும் பனையையும் வைத்து மீன் பிடிக்கும் இடத்துக்குக் கணக்குப் பார்ப்பாரே, அதேதான். ஜிபிஎஸ் இருந்தும் நண்பர் இதைத்தான் அதிகம் நம்பினார்.

இப்போது நீ கேட்டதன் மையத்துக்கு வருகிறேன். மத்தியதரைக் கடலின் அடியில் பொசிடோனியா என்ற கடற்புல் இருக்கிறது. பாசி இல்லை, பூத்துக் காய்க்கிற செடி. மீன் குஞ்சுகள் அதற்குள்தான் வளர்கின்றன, மணலைப் பிடித்து வைப்பதும் அதுதான். அதன் வேர்த்தண்டு வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்ந்து வளரும். ஒரு நங்கூரம் ஒரு நிமிடத்தில் பெயர்த்து எடுப்பது திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம், வராமலே போகலாம். இத்தனைக்கும் அந்தப் புல்லில் நங்கூரம் ஒழுங்காகப் பிடிப்பதும் இல்லை. நுனி மண்ணுக்குப் போகாமல் வேர்ப் பாயில் சிக்கி, காற்று கூடும்போது கொத்தோடு கழன்று வந்துவிடுகிறது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் மேலிருந்தே தெரிகிறது: கறுப்பாக இருந்தால் புல், வெளிர் நீலமாக இருந்தால் மணல். கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் மணல் கிடைக்கிறது. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2018 முதல் புல்லின் மேல் நங்கூரம் போடுவதே சட்டப்படி குற்றம். அங்கே சில விரிகுடாக்களில் நிரந்தர மிதவைகள் போட்டிருக்கிறார்கள், படகை அதில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நம்ம பக்கமும் இதே கதைதானே? பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிற கடற்புல்லை நம்பித்தான் ஆவுளியா என்கிற கடற்பசு பிழைக்கிறது. 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அந்தப் புல்லின் மேல் யாரோ ஒருவர் பொழுதுபோக்காக வந்து இரும்பை எறிந்து இழுப்பதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆகவே என் பதில்: வரட்டும், ஆனால் முதலில் மிதவை, பிறகுதான் படகு. மிதவை எங்கே மிதக்க வேண்டும் என்பதை அந்த ஊர் மீனவர்கள் சொல்ல வேண்டும். வலை எங்கே விரிகிறது, புல் எங்கே இருக்கிறது, சோழகம் என்கிற தென்காற்று அடிக்கும்போது எந்த மூலை ஆபத்து என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

கியோனியில் எனக்கு உறுத்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படகுத்துறையில் ஊர்க்காரர்களின் சிறு மீன்பிடிப் படகுகளுக்கென்று ஓர் ஓரம் உண்டு. அடியில் அவர்களுடைய நிரந்தரச் சங்கிலிகள் கிடக்கும். ஒரு மாலை, பெரிய படகு ஒன்று அந்த ஓரத்தில் நுழைந்து நங்கூரத்தைப் போட்டது. அது அந்தச் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. மறுநாள் காலை ஒரு வயதான மீனவர் தன் சிறு படகில் வந்து, நங்கூரத்தின் கீழே கயிற்றைக் கொடுத்து நெம்பி, அரைமணி நேரம் பாடுபட்டு விடுவித்தார். படகுக்காரர்கள் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் வேலைக்குப் போகிற நேரம் அது. நம்ம ஊரில் இப்படி நடக்கக் கூடாது, சேவியர். விதி எழுதும் முன்பே இதையெல்லாம் பேசிவிட வேண்டும்.

வீட்டில் எல்லோரும் நலம். பையன் கடைசி வருடம் படிக்கிறான், நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அடுத்த முறை தானும் வருகிறேன் என்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வரப் பார்க்கிறேன், விடுமுறை இன்னும் உறுதியாகவில்லை. வந்தால் சின்னவளோடு ஒரு நாள் உட்கார வேண்டும், புல் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்கள் கல்லூரியில் வரைபடம் வைத்திருப்பார்களா என்று கேட்டு வை. நீயும் ஊர்ப் பெரியவர்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிப் பார்த்து எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முருகேசன்
ஸ்டுட்கார்ட்