பிறப்பிடம் வேறு, சொந்த இடம் வேறு

ஆசிரியருக்கு,

மரண அறிவித்தல்களின் சொற்கள் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்று நாம் எழுதும்போது, பிறப்பிடம் என்பது பிரசவம் நடந்த ஆஸ்பத்திரி அல்ல. தலைமுறையாக வாழ்ந்த ஊர். படிவங்களோ பிள்ளை பிறந்த இடத்தையே கேட்கின்றன. 1990இல் போரினால் எங்கள் ஊரான, யாழ். வடகரையோர மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்த எங்களுக்கு இது சின்ன விடயமல்ல. யாழ்ப்பாண நகரில் பிறந்த என் மகள் பாடசாலைப் படிவத்தில் 'மயிலிட்டி' என்று எழுதினாள். வகுப்பாசிரியர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார். "அப்ப எங்கட இடம் எது, அப்பா?" என்று அன்றிரவு கேட்டாள்.

சந்தையில் முன்பின் தெரியாதவர்கூட "சொந்த இடம் எது?" என்றுதான் விசாரிப்பார். அந்தச் சொல்லையே எடுத்து, 'பிறந்த இடம்', 'சொந்த இடம்' என்று படிவங்களில் இரண்டு வரிகள் விடலாம்.

மயிலிட்டி வாசகர்,
யாழ்ப்பாணம்