சாக்கடை ஏரிக்குள் நுழையுமுன்: பேரூராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பேரூராட்சித் தலைவர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர்களில் தெருச் சாக்கடை கடைசியில் ஏரியிலோ குளத்திலோதான் போய் விழுகிறது. சுத்திகரிப்பு என்றதும் கான்கிரீட் தொட்டி, காற்றூதும் மோட்டார், மாதாமாதம் கரண்ட் பில் என்றே மதிப்பீடு போடுகிறோம். மோட்டார் சில நாள் நின்றால் காற்றை நம்பியிருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். அப்புறம் உள்ளே போன சாக்கடை அப்படியே வெளியே வரும். சின்ன ஊருக்கு, நாணல் நட்ட ஜல்லிப் பள்ளத்தில் சாக்கடையைத் தெளியவிடும் நாணல் படுகையே பொருத்தம் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒரு தொட்டி. கசடு அங்கே படிந்துவிடும். மேலே தெளிந்த நீர், அடியில் கசியாதபடி தளம் போட்ட பள்ளத்துக்குப் போகும். பள்ளத்தில் இரண்டடிக்கு ஜல்லி, அதில் நாணல், சம்பு, கல்வாழை. நீர் ஜல்லிக்கு உள்ளேயே மெதுவாக நகர்வதால் கொசு முட்டையிட இடமில்லை. கல்லிலும் வேரிலும் ஒட்டி வளரும் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. கடைசியில் ஆழமில்லாத ஒரு குட்டை. அங்கே வெயில் நோய்க்கிருமிகளைக் கொல்லும். வெயிலுக்கு நம்மிடம் என்ன பஞ்சம்? நிலம் சரிவாக இருந்தால் பம்பே வேண்டாம்.

கொல்கத்தாவின் சாக்கடை பல தலைமுறைகளாகக் கிழக்கே உள்ள மீன் குளங்களில் வெயிலாலும் பாசியாலும் தெளிகிறது. மீன் வளர்கிறது, நெல்லும் காய்கறியும் விளைகின்றன. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஈரநிலம் 2002இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கலிபோர்னியாவின் ஆர்கேட்டா என்ற சிற்றூர் 1986 முதல் தன் கழிவுநீரைக் குளங்களிலும் சதுப்பிலும் தெளியவிடுகிறது. இன்று மக்கள் அங்கே பறவை பார்க்கப் போகிறார்கள்.

இதற்கு நிலம் வேண்டும். ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர் என்று வைத்தாலும் 5,000 பேருக்கு இரண்டரை ஏக்கர் ஆகிவிடும். சாயப்பட்டறைக் கழிவுக்கு இது தீர்வே இல்லை. பராமரிப்பும் உண்டு: கசடை அள்ளாமல் விட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும், நாணலையும் அவ்வப்போது அறுக்க வேண்டும். இதற்கென்று இரண்டு பேருக்குப் பயிற்சியும் முறையான சம்பளமும் கொடுங்கள். திறப்பு விழாவோடு கைவிட்டால் வெறும் புதர்தான் மிஞ்சும்.

உங்கள் ஏரிக்கு வரும் சாக்கடை வாய்க்கால்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஓரம் இருக்கும் புறம்போக்கை, ஆக்கிரமிப்பில் போகும் முன், அளந்து வையுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு, வரும் நிதியாண்டில் அந்த ஒரு வாய்க்காலுக்காவது வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரை ஊர்க்காரன் ஒருவன்