கதை முடிந்ததும் நீதி கேட்காதீர்கள்: மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். படக்கதைப் புத்தகத்தை மூடிய கையோடு "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். "எல்லாருக்கும் உதவி செய்யணும் மிஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அடுத்த நிமிடம் கலர் பென்சில் டப்பாவுக்கு அடிதடி நடக்கும். அந்தப் பதில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னது.

கேட்க வேண்டிய இடம் கதையின் நடுவில் இருக்கிறது. பெரும்பாலான படக்கதைகள் 32 பக்கம்தான். அதில் யாரோ ஒதுங்கி நிற்கும் பக்கமோ, எதையோ உடைத்துவிட்டுத் திகைக்கும் பக்கமோ இருக்கும். முன்கூட்டியே வாசித்து அதைக் குறித்து வையுங்கள். அங்கே வந்ததும் வாசிப்பதை நிறுத்திப் படத்தைக் காட்டுங்கள். எழுத்தறியாத வயதில் கண் படத்தில்தான் இருக்கும். "இவள் மனசில் என்ன ஓடுகிறது? எதை வைத்துச் சொல்கிறாய்?" இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சுருங்கிய புருவத்தை, முதுகுக்குப் பின்னால் ஒளித்த கையைக் குழந்தை விரல் வைத்துக் காட்டும்போதுதான் பிறர் மனத்தைக் கவனிக்கப் பழகுகிறது. கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவசரப்பட்டு நாமே பதில் சொன்னால் கூச்சமுள்ள குழந்தைக்கு இடமே இருக்காது. இப்படி இரண்டு இடத்தில் நிறுத்தினால் போதும். அதற்கு மேல் கதை அறுந்துவிடும்.

தன்னம்பிக்கைக்கு, ஒரே புத்தகத்தை வாரம் முழுக்க வாசியுங்கள். சலிப்பு பெரியவர்களுக்குத்தான். முதல் நாள் நிறுத்தாமல் வாசிப்பு, மறுநாள் கேள்விகள், மூன்றாம் நாளிலிருந்து படத்தைப் பார்த்துக் குழந்தைகளே சொல்லட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால் பேசத் தயங்கும் குழந்தையும் ஒரு பக்கத்தைத் துணிந்து எடுத்துக்கொள்ளும். "கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொல்லாமல், "கதவோரம் நின்ற பையனை நீ கவனித்தாயே" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

புத்தகத் தேர்வு பற்றியும் ஒன்று. கனடாவின் டொராண்டோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பகிர்தல் பற்றி மனிதர்கள் வரும் கதையைக் கேட்ட 4 முதல் 6 வயதுக் குழந்தைகள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். மனிதர்போல் நடக்கும் விலங்குகளின் கதைக்கு அந்தப் பலன் இல்லை. விலங்குக் கதைகளை ஒதுக்கச் சொல்லவில்லை, சிரிக்கவும் ரசிக்கவும் அவை வேண்டும். பகிர்வைப் பேசும் நாளில் மட்டும் மனிதக் குழந்தைகள் வரும் கதையை எடுங்கள்.

அடித்துவிட்டு வந்த குழந்தையை உட்காரவைத்து, அடிக்கும் பையனின் கதையை உடனே வாசிப்பது கொடுமை. வகுப்பே அவனைத் திரும்பிப் பார்க்கும். சில நாள் கழியட்டும்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முப்பது பேருக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. தெரியாததால் நெளிவார்கள், நெளிந்ததற்குத் திட்டு வாங்குவார்கள். கதைநேரத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
மழலையர் வாசிப்புப் பயிற்சியாளர்கள்