வட்டியில்லாக் கடனில் வட்டி பார்க்கச் சொல்லித் தரும் தம்பி தங்கைகளுக்கு

பிரிட்டனில் உள்ள பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

செப்டம்பரில் புதுப் பிள்ளைகள் வந்து இறங்கும்போது, வீடு பார்ப்பதிலிருந்து வங்கிக் கணக்கு திறப்பது வரைக்கும் நீங்கள்தான் சொல்லித் தருகிறீர்கள். 2022இல் என் மகனுக்கும் ஒரு மூத்த மாணவர் அப்படித்தான் கூடவே இருந்து உதவினார். பெற்ற மனம் அதை மறக்காது. அவர் சொல்லித் தந்தவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் உங்களிடம் பேச வேண்டும்.

மாணவர் கணக்கில் வங்கி வட்டியில்லாமல் ஓவர்டிராஃப்ட் தரும், அதாவது கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் ஒரு வரம்பு வரைக்கும் எடுத்துச் செலவழிக்க விடும் கடன். வாழ்க்கைச் செலவுக்கு அரசு தரும் மாணவர் கடனான மெயின்டனன்ஸ் லோன் தவணை வந்ததும் அதைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, செலவையெல்லாம் ஓவர்டிராஃப்ட்டில் பார்த்துக்கொள். வட்டி உனக்கு. இதுதான் அந்த யோசனை.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. நாளை சம்பளம் வாங்கப் போகிற பிள்ளையை இன்றைக்கே வாடிக்கையாளராகப் பிடித்து வைக்கத்தான் வங்கி இந்தச் சலுகையைக் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்துவது கெட்டிக்காரத்தனம்தான். நீங்கள் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாம் வருடம் மகன் போனைக் காட்டினான். ஒரு கணக்கில் கழித்தல் குறியோடு 1,480 பவுண்டு. இன்னொன்றில் அந்த மாத வட்டி 4.93 பவுண்டு. “சும்மா வந்த காசும்மா” என்று சிரித்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வேலை செய்யாத மாணவனுக்கு அந்த வட்டியில் வரியும் இல்லை, சேமிப்புக்குச் சட்டப்படியான காப்புறுதியும் உண்டு. கணக்குப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது.

மூன்றாம் வருடம் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டி வந்தது. சேமிப்பில் கை வைத்தான். அப்புறம் லேப்டாப் பழுதானது, மறுபடியும் கை வைத்தான். சேமிப்பு கரைந்தது, கழித்தல் குறி மட்டும் அப்படியே நின்றது. படிப்பு முடிந்ததும் வங்கி அவனுடைய மாணவர் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றியது. முன்கூட்டியே மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது. ஆனால் அது போனது பல்கலைக்கழக முகவரிக்கு. படிப்போடு அந்த முகவரியும் மூடப்பட்டுவிட்டது. முதல் மாதம் 42 பவுண்டு வட்டி பிடித்திருந்ததைப் பார்த்து, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்தான். அடுத்த மாதமும் பிடித்த பிறகுதான் என்னிடம் சொன்னான்.

2020 ஏப்ரலில் வங்கிகளைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம் (FCA) ஓவர்டிராஃப்ட்டுக்கு நாள் கட்டணம், மாதக் கட்டணம் வாங்கக் கூடாது, ஒரே வட்டி விகிதமாகத்தான் வாங்க வேண்டும் என்று விதித்தது. அதன் பிறகு பெரிய வங்கிகள் பலவும் 40 சதவீதத்தை ஒட்டி விகிதத்தை வைத்தன. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 பவுண்டைச் சேமிப்பில் 4 சதவீதத்துக்கு ஒரு வருடம் வைத்தால் 60 பவுண்டு வரும். அதே 1,500 பவுண்டு 39.9 சதவீத ஓவர்டிராஃப்ட்டாக நின்றால், இரண்டு மாதம் முடிவதற்குள் அந்த 60 பவுண்டும் போய்விடும். ஒரு வருடம் பொறுத்துச் சேர்த்ததை அறுபது நாளில் எடுத்துவிடுவார்கள்.

பட்டம் முடிந்தவர்களுக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. அதில் வட்டியில்லாத வரம்பு வருடா வருடம் குறைந்துகொண்டே வரும், கடனைப் படிப்படியாக அடைக்க அவகாசம் கிடைக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்களா? என் மகனுக்கு யாரும் சொல்லவில்லை. ஓவர்டிராஃப்ட் என்பது வங்கி எப்போது கேட்டாலும் திருப்பித் தர வேண்டிய பணம் என்பதையும் அவன் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு குழப்பமும் பார்க்கிறேன். மாணவர் கடனையும் வட்டியில்லாக் கடன் என்று நினைத்து, தேவையில்லாவிட்டாலும் முழுசாக வாங்கிச் சேமிப்பில் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2023 ஆகஸ்ட்டிலிருந்து பட்டப்படிப்பு தொடங்கியவர்களுக்கு, கடன் வாங்கிய நாளிலிருந்தே சில்லறை விலைப் பணவீக்க (RPI, கடை விலைகள் ஏறும் வேகம்) அளவுக்கு வட்டி ஏறுகிறது. வருடம் 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பதில் 9 சதவீதம் பிடிப்பார்கள், அதுவும் 40 வருடம் வரைக்கும். ஓவர்டிராஃப்ட்டும் இதுவும் ஒன்றல்ல. தயவுசெய்து இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. வீட்டில் பணம் இருக்கிற பிள்ளை இந்த வட்டியைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, கடைசி நாளில் கடனை அடைத்துவிடும். அவசரத்துக்கு அப்பா இருக்கிறார். பகுதி நேர வேலை செய்து படிக்கிற பிள்ளைக்கு அந்த ஓவர்டிராஃப்ட்தான் அவசரப் பணம். அதை முதல் வாரத்திலிருந்தே அன்றாடச் செலவுக்கு எடுக்கச் சொல்வது, கையில் இருக்கிற குடையை வாடகைக்கு விடச் சொல்வது போல. போதாததற்கு, சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தைப் பார்த்ததும் கை நீளாத பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்?

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இந்த யோசனையைச் சொல்லும் அதே கூட்டத்தில், படிப்பு முடித்த ஒருவரையும் பேச வையுங்கள். படிப்பு முடியும் மாதத்தைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வைக்கவும், வங்கிக்குச் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கவும் அங்கேயே, அந்த இடத்திலேயே செய்ய வையுங்கள். பத்து நிமிடம் போதும்.

பேச ஆள் கிடைக்காவிட்டால் என் மகன் வருவான். அந்த இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டையும் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
ஒரு தாய்