நோட்டீஸில் ஒரு பெயர், புறப்பாட்டில் வேறொருவர்: கோயில் திருவிழாக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிக் கரை ஊர்களின் திருவிழாக் கமிட்டி அன்பர்களுக்கு வணக்கம்.

தை அறுவடை முடிந்ததுமே நம் பக்கத்தில் நோட்டீஸ்கள் வர ஆரம்பித்துவிடும். பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, வைகாசி விசாகம் என்று ஆடி வரைக்கும் ஓயாது. அவற்றில் கொட்டை எழுத்தில் அச்சாகும் நாதஸ்வர வித்வான்களின் பெயர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நடப்பது உங்களுக்கும் தெரியும். நோட்டீஸில் டிவியிலும் யூடியூபிலும் பேர் வாங்கிய ஒருவரின் படம் இருக்கும். சுவாமி புறப்பாட்டுக்கு நாயனத்தோடு வந்து நிற்பவர் வேறொருவர். கேட்டால் "அவருக்கு உடம்பு சரியில்லை, தம்பி வந்திருக்கார்" என்பார்கள். சில ஊர்களில் அதுகூடக் கிடையாது. மைக்கில் அந்தப் பெரிய பெயரையே சொல்லி, வந்தவருக்குச் சால்வையும் போர்த்திவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து ஊரிலும் ஒரு தடவை இப்படி நடந்தது. பெயர் போட்டிருந்த வித்வானை அப்புறம் ஒரு கல்யாணத்தில் பார்த்து விசாரித்தேன். அந்த ஊரிலிருந்து தன்னை யாருமே அழைக்கவில்லை என்றார். அச்சாரம் வாங்கியவர் நடுவில் நின்ற ஏஜென்ட்.

அன்றைக்கு வந்தவர் நன்றாகவே வாசித்தார். கம்பீர நாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கென்றே வாசிக்கும் மல்லாரி, காலம் மாறும் இடமெல்லாம் தவிலோடு கச்சிதமாக வந்து நின்றது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அவர் யார், எந்த ஊர், யாரிடம் கற்றார் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. செல்போனில் பிடித்த வீடியோவும் இன்னொருவர் பெயரோடுதான் சுற்றுகிறது. அடுத்த வருடம் அவரைத் தேடி யார் போவார்கள்? பிசிறடித்திருந்தால் அந்தப் பழி, வராத வித்வான் தலையில் விழுந்திருக்கும்.

ஏஜென்டை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய பெயர்தான் வேண்டும், தொகை மட்டும் குறைய வேண்டும் என்று நீங்கள் பேரம் பேசுகிறீர்கள். அந்தத் தொகைக்கு அந்த வித்வான் வரமாட்டார் என்பது ஏஜென்டுக்குத் தெரியும். பெயரை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆளை வேறு எங்கிருந்தாவது அனுப்புகிறார். பிழைப்புக்காக அந்த இளைஞரும் வாயை மூடிக்கொண்டு வருகிறார்.

குருவின் பெயரைச் சிஷ்யர் சொல்லிக்கொள்வதை யாரும் தப்பென்று சொல்லமாட்டார்கள். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்று, அவர் பக்கத்தில் நின்று வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். கடைசி வரை தன் ஊர்ப் பெயரோடுதான் நின்றார். அந்தச் சின்ன ஊரும் அவரால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. நாயனத்துக்கே இன்றைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி என்னும் நீளமான நாயனம் செய்து கொடுத்த நரசிங்கம்பேட்டையின் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் கடைந்த குழலை நரசிங்கம்பேட்டைக் குழல் என்று சொல்லி விற்கக் கூடாது. அதை ஊதுகிற மனிதரின் பெயருக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா? ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 319-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் வரை போகாமல் உங்கள் கையாலேயே இதை நிறுத்திவிடலாம்.

வித்வானிடம் நீங்களே போனில் பேசுங்கள். அச்சாரத்தை அவர் கணக்கிலேயே போடுங்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம் என்று செட்டில் வருகிற எல்லோருடைய பெயரையும் கேட்டு வாங்கி அச்சடியுங்கள்; தவில்காரருக்கும் தாளம் போடுகிற பையனுக்கும் வீட்டில் காட்ட ஒரு நோட்டீஸ் இருக்கட்டும். கடைசி நேரத்தில் யாராவது வர முடியாமல் போனால், பதிலுக்கு வந்தவரின் சொந்தப் பெயரை மைக்கில் சொல்லி, அவருக்கென்றே சால்வை போர்த்துங்கள். ஜனங்கள் கோபப்பட மாட்டார்கள், நன்றாக வாசித்தால் நின்று கேட்பார்கள்.

பெரிய வித்வானுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் அதிலும் குறைச்சல் ஒன்றும் இல்லை. திருவையாறு அரசு இசைக்கல்லூரியிலும் திருவாரூர், சீர்காழி இசைப்பள்ளிகளிலும் நாதஸ்வரமும் தவிலும் படித்துவிட்டு வாய்ப்புக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து நாள் உற்சவத்தில் ஒரு நாள் புறப்பாட்டை அவர்களுக்கு, அவர்கள் பெயரிலேயே கொடுங்கள்.

வைகாசி நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போயிருக்காது. இத்தனை பெயருக்கு இடம் போதாது என்று அச்சகத்தில் சொன்னால், உபயதாரர்களின் படங்களைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு நாதஸ்வர ரசிகர்